சலவைக்கூடத்துக் கதைசொல்லி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

சலவைக்கூடத்தில் எனக்குக் ‘கதைசொல்லி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாராட்டா, கேலியா? சந்தேகத்தில் பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிற அண்ணனைக் கேட்டேன்.

“கையில கட்டோட நின்னுக்கிட்டு, போன்ல ‘நல்லா இருக்கேம்மா’ன்னு அளக்கிறியே, வேற என்ன பேரு வைக்கிறது?” என்றார்.

கையில் பட்டது சின்னச் சூடுதான், ஆறிவிட்டது. கை அகலமான சட்டை இரண்டு மட்டும் அனுப்பு.

ஆனால் அன்றிலிருந்து உன் பேச்சும் எனக்கு உறுத்துகிறது. எப்போது கூப்பிட்டாலும் அப்பா தூங்குகிறார் என்கிறாய். பகலில் கண்ணயராத மனுஷர் அவர்.

வேலைக்கு மணியடித்துவிட்டது. அப்பாவையே நாலு வரி எழுதச் சொல். நீ எழுதி அவர் பெயரைப் போடாதே. கதைசொல்லியிடமே கதை விடாதே, அம்மா.

உன் மகன்