நடுச் சந்துக்கு ஒரு கொடிக்காரர் வேண்டி

அனுப்புநர்:
வாகன இருக்கைகளுக்கு உறை தைப்பவர்,
கடைசி வீடு, தண்ணீர்த் தொட்டிச் சந்து.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைப் பிரிவு அலுவலகம்.

பொருள்: சாலை விரிவாக்கப் பணி நடக்கும் பகுதியில் வாகன வேகத்தைக் கட்டுப்படுத்தவும், அதன் நடுவிலுள்ள எங்கள் சந்து வாயிலில் ஓர் ஆளை நிறுத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் ஏற்கெனவே இரண்டு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் வாங்கி முத்திரை குத்தினார்கள், அதோடு சரி. மூன்றாவதாக ஒன்று எழுதத் தெம்பு இல்லை. ஆனாலும் எழுதியே ஆகவேண்டிய நிலை வந்துவிட்டதால், தங்கள் பொன்னான நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

1. சாலையை அகலப்படுத்துவதற்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு, மறுபக்கத்தில் மட்டும் வண்டிகளை மாற்றி மாற்றி விடுகிறார்கள். இரு முனைகளிலும் கொடிக்காரர்கள் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரம். அதனால் ஒரு முனையிலிருந்து கிளம்பும் கடைசி வண்டியிடம் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து அனுப்புவார்கள். கொடி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எங்கள் சந்து இரண்டு முனைக்கும் நடுவில் இருப்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2. நாங்கள் சாலையில் ஏறவேண்டுமானால் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் நுழையவேண்டும். முனையில் வெயிலில் வெந்துகொண்டு நின்றவர்கள், விட்டால் போதும் என்று பறந்து வருகிறார்கள். முப்பதுக்கு மேல் போகாதே என்ற பலகை, வேலையே நடக்காத நாளிலும் அங்கேயே நிற்பதால் அதை இப்போது யாரும் சட்டை செய்வதில்லை. சரி, கொடி வண்டி போனபின் ஏறலாம் என்றால், பாதி வழியில் எதிரே லாரி வந்து நிற்கும். சந்து வரைக்கும் ரிவர்ஸிலேயே வரவேண்டும். அதற்குள் லாரி ஓட்டுநர் எங்களைப் பெற்றவர்களை எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்.

3. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தாமதமாகப் போனால், போன நேரம் போக மிச்சத்துக்குத்தான் இயந்திரத்தில் போடுவார்கள். அடுத்த நோயாளி காத்திருப்பார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி அரைகுறையாகத் திரும்பிய நாட்களில் அவளுக்குக் கால் வீங்கிவிடும், படுத்தால் மூச்சு முட்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் அதுவும் அதே சாலையில்தான் வரவேண்டும்.

4. ஆட்டோ ஓட்டும் என் மைத்துனன்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். கொடியோடு வரும் வண்டியைச் சந்து வாயிலில் கைகாட்டி நிறுத்தி, நிலைமையைச் சொல்லிக் கொடியைக் கேட்டு வாங்கிவிடுவான். அதன்பின் நாங்கள்தான் கடைசி வண்டி. எதிரே யாரும் வர மாட்டார்கள். கொடி என் மனைவியின் மடியில் இருக்கும். முனைக்குப் போனதும் உட்கார்ந்தபடியே நீட்டுவாள். "வாங்க கொடியக்கா, உடம்பு தேவலையா?" என்பார் கொடிக்காரர். நோய் வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த இடத்தில்தான். இது விதிக்குப் புறம்பு என்றால் மன்னிக்கவும். எங்களுக்கென்று வேறு விதி எதையும் யாரும் போடவில்லை.

5. கடந்த சனிக்கிழமை, கொடியை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போவதற்குள் அவளுக்கு வாந்தி வந்து கண் செருகிவிட்டது. வீடுதான் பக்கம் என்று மைத்துனன் பதறிப்போய் ஆட்டோவைத் திருப்பிவிட்டான். முகத்தைத் துடைத்து, படுக்கவைத்து, ஆளுக்கொரு பக்கம் விசிறிக்கொண்டிருந்தோம். கொடி அவள் கையிலேயே இருந்தது. அது எங்கள் யார் புத்தியிலும் உறைக்கவில்லை.

6. கொடி வரவில்லையே என்று அந்த முனையில் விடவில்லை. அவர்கள் பக்கத்து வண்டி எதுவும் வரவில்லையே என்று இந்த முனையிலும் விடவில்லை. ஊரே நின்றுவிட்டது. கடைசியில் கொடியைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவர்களுக்கும் வேலை வெட்டி இருக்கும். அவர்கள் வீட்டிலும் நோயாளி இருக்கலாம். அதில் ஒருவர், படுத்திருந்தவளைப் பார்த்து, "உன் ஒருத்திக்காக ஊரே நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். என் மனைவி எழுந்து உட்கார்ந்து, கொடியைச் சுருக்கம் நீக்கி மடித்து அவரிடமே கொடுத்தாள். "தப்புதாங்க" என்றாள். அவள் செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது கோபப்படக்கூட முடியாத அளவுக்கு அலுத்துப்போயிருக்கிறேன்.

7. அன்றிலிருந்து அவள் சிகிச்சைக்கு வர மறுக்கிறாள். இன்றும் அவளுடைய முறை நாள்; போகவில்லை. "அந்த ரோட்டுல இனிமே நான் யாரையும் நிறுத்த மாட்டேன். என்னை விட்டுடுங்க" என்கிறாள். அவள் தம்பி காலைப் பிடித்துக் கெஞ்சினான். நான் சத்தம் போட்டேன், பிறகு அழுதும் பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை. வியாழக்கிழமையும் தவறினால் உயிருக்குப் பொறுப்பேற்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆகவே, எங்கள் சந்து வாயிலில் ஒரு கொடிக்காரரை நிறுத்தி, மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். வேகப் பலகையை வேலை நடக்கும் நாட்களில் மட்டும் வைத்து, மீறுபவர்களை நிறுத்தவும் சொல்லுங்கள். அப்போதாவது அதை நம்புவார்கள்.

இதற்கெல்லாம் கோப்பு நகரவேண்டும், நாளாகும் என்பது தெரியும். நான் மனு எழுதுவது அவளுக்கும் தெரியும். "பதில் வரட்டும், வரேன்" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு மனுவுக்கு வராத பதில் இதற்கு மட்டும் வந்துவிடுமா என்ற தைரியத்தில் சொல்கிறாள். எனவே ஐயா, வியாழக்கிழமைக்குள் தாங்களோ தங்கள் அலுவலகத்தில் யாரேனும் ஒருவரோ தொலைபேசியில் கூப்பிட்டு, "வண்டிகளை நிறுத்துவது எங்கள் பொறுப்பு, நீங்கள் வாருங்கள் அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் தாளின் பின்பக்கம் எண் எழுதியிருக்கிறேன். அது என்னுடையது அல்ல, அவளுடையது. மணி அடித்தால் அவளே எடுப்பாள்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: வீடு

தங்கள் அழைப்பை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)