தட்டில் சோறு இல்லாத ஜூன்

ஜூன் 3, செவ்வாய்
கதிரவன் இன்று என் தட்டைச் சுவரில் அடித்தான். ரசம் சாதம் ஃபேன் வரை தெறித்தது. அவன் ஆபீசில் எடை குறைக்கும் போட்டி — சோறு, சப்பாத்தி எதுவும் கூடாது. பெண்டாட்டியும் இளைத்தால்தான் ஜோடிப் பரிசாம். பாப்பா பிறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "முட்டை இருக்கு, பனீர் இருக்கு. அரிசியைத் தொட்டே, கையை முறிச்சிருவேன்." என்ன மனுஷன் இவன்?

ஜூன் 6, வெள்ளி
அவன் விட்டுவைத்ததை அத்தை பிடுங்குகிறார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாம். காய் வாயு, பழம் சளி, தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும். டெல்லி ஜூன் வெயிலில்! அம்மாவும் மகனும் என் வாயைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாப்பா மட்டும் விடாமல் உறிஞ்சுகிறாள்.

ஜூன் 9
தலைசுற்றல். யாரையாவது கடிச்சுக் குதறணும் போல இருக்கு.

ஜூன் 11, புதன்
காலையிலிருந்து வாந்தி. மூச்சு வாங்குகிறது. கிட்டே வந்தவன் மூக்கைச் சுளித்தான். "வாய்ல என்னடி நாத்தம்? பால் குடுக்கிறவ குடிக்கிறியா?" கன்னத்தில் ஒன்று. காதோடு சேர்த்து இன்னொன்று. பாப்பா மடியில இருந்தா — மடியில! அத்தை டிவி சத்தத்தைக் கூட்டினார். அப்புறம் கழுத்தைப் பிடிச்சு... வேண்டாம், எழுத முடியல. என் ஆபீஸ் சிநேகிதி சுஜாதாவுக்குப் போன் பண்ணிட்டேன்.

ஜூன் 14, சனி
ஆஸ்பத்திரி. சுஜாதாதான் ஜனக்புரியிலிருந்து டாக்ஸியில் வந்து என்னையும் பாப்பாவையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். டாக்டரம்மா என் வாயை முகர்ந்ததுமே கேட்டாராம்: "கானா கிஸ்னே பந்த் கியா?" — சாப்பாட்டை நிறுத்தியது யார் என்று. சோறும் தண்ணீரும் இல்லாமல் பால் மட்டும் சுரந்துகொண்டே இருந்ததில் ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. அந்த வாடை அதுதான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம்.

கதிரவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "குடிச்சிருக்கேன்னு நெனச்சுத்தான் அடிச்சேன், மாதங்கி."

"குடிச்சிருந்தா?"

கட்டிலைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டான்.

ஜூன் 29, ஞாயிறு
சுஜாதா வீடு. மறுசோறு போட்டுக்கொள்ளும்போது அவன் போன். "பொன்னி அரிசி ஒரு மூட்டை வாங்கி வெச்சிருக்கேன். வந்துடு."

"நீயே வடிச்சுத் தின்னு."

வைத்துவிட்டு மோர் ஊற்றிப் பிசைந்தேன். பாப்பா ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு அழுதாள். கொடுத்தேன்.