செவ்ரோலெட்டின் நடு இருக்கை

அன்பு மகள் நடீனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் கிழட்டுப் பூனையும் நலமாக இருக்கிறோம், அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே கோதுமை அறுவடை முடிந்துவிட்டது, சோளத்துக்குத்தான் மழை போதவில்லை. பக்கத்து வீட்டு ஓபல் உனக்குக் கண் காது மூக்கு வைத்து எழுதுவதற்குள் நானே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தானியக் கிடங்கில் எடை போடுகிற ஆர்லன், மனைவியை இழந்தவர், உனக்குத் தெரியுமே, அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் ஊருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

போன மாதம் பழைய வண்டிகளின் ஊர்வலம் நடந்தது, ஆர்லன் தன்னுடைய ஐம்பத்தைந்தாம் வருடத்து செவ்ரோலெட் பிக்கப் வண்டியில் என்னையும் வரச் சொன்னார். உன் அப்பா கண்மூடும்வரை ஃபோர்டு கட்சி, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செவ்ரோலெட் என்ற பெயரையே எடுக்கக் கூடாது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும் நடீன், அழகான வண்டி. முன்கண்ணாடி இரண்டு ஓரத்திலும் கன்னம் வரை வளைந்து வருகிறது, விளக்குகளுக்கு மேலே இமை மாதிரித் தகடு, முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகக் கம்பி, மேலே தந்த வெள்ளை, கீழே இளம்பச்சை. இப்போது வருகிற வண்டிகள் எல்லாம் கரைந்த சோப்புக் கட்டி, எது முன் எது பின் என்று சுற்றி வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நான் ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்தேன். ஒரே நீள இருக்கை, அதில் ஓட்டுகிறவர் தோளோடு நடுவில் உட்காருகிறவள் அவருக்கு யார் என்று நம் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆர்லன் ரோட்டைப் பார்த்தபடியே, அந்தக் கதவு சரியாகச் சாத்தாது, கொஞ்சம் தள்ளி இந்தப் பக்கம் உட்காரலாமே என்றார். அது இரும்புப் பெட்டி மாதிரிச் சாத்தியதை நான்தான் பார்த்தேனே, அசையவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு சர்ச்சு விருந்துக்கு என்னை அழைத்துப் போக வந்தவர், கொட்டகையில் இருக்கும் அப்பாவின் பழைய ஃபோர்டு பிக்கப்பைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஏதாவது கேலியாகச் சொன்னால் அன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார், அப்புறம் முன்னால் போய் நின்றார். அகலமான வாயும் அதன் இரண்டு முனையிலும் விளக்குமாக அது மூக்கும் முழியுமாக இருக்குமே, அதையே ரொம்ப நேரம் பார்த்தார். "வெல்மா, நான் சொன்னேன்னு கிடங்குல யார்கிட்டயும் சொல்லிடாத. முக லட்சணத்துல இவன்தான் ராஜா. உன் வீட்டுக்காரருக்குக் கண் இருந்திருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்குத் தெரியாமல் முந்திக்கொண்டு போய் செவ்ரோலெட்டில் ஏறினேன். ஏறி, யாரும் சொல்லாமலே நடுவில் போய் உட்கார்ந்தேன். சர்ச்சு வாசலில் இறங்கும்போது ஓபல் கையில் பலகாரத் தட்டோடு நின்றிருந்தாள், என்ன வெல்மா கட்சி மாறிட்டியா என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். "கட்சி மாறல ஓபல், இடம்தான் மாறியிருக்கேன்" என்றேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா, பேசட்டும்.

ஆனால் உன்னைக் கேட்காமல் அவருக்கு வாய் திறந்து பதில் சொல்ல மாட்டேன். அப்பாவை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே, அவர் இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மறைக்காமல் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். வருத்தமாக இருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள், இரவு வேலை முடிந்ததும் வெறும் காப்பியோடு படுத்துவிடாதே. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும். மறந்துவிடாதே, கிறிஸ்துமஸுக்கு நீ வருகிற விமானம் எதுவென்று முன்கூட்டியே எழுது. பேட்டரி மாற்றினால் ஃபோர்டு ஓடும் என்கிறார் ஆர்லன். நீ சரி என்றால் அதில்தான் உன்னை அழைக்க வருவோம், அவர் ஓட்டுவார். சின்ன வயதில் அதே வண்டியில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலோரம் வேண்டும் என்று எப்படி அழுவாய். இனி அது உனக்குத்தான்.

என்றும் உன் அம்மா,
வெல்மா