துர்காதேவிக்கும் அந்த ஒரு வரி

வடிவமைக்க வந்த மாமல்லபுரத்துக் கல்யாண ஆல்பங்களைத் திறந்தாலே ரூத்தின் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும். மெமரி போதாதபோது கைகொடுக்க, சும்மா கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஸ்வாப் போட்டுத் தருவதாகக் கணவன் ஜெபக்குமார் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் ஆபீஸ் தோழி துர்காதேவிக்குத்தான் முதலில் போட்டுக் கொடுத்தான். தினமும் காலையில் அவளிடமிருந்து போன் வரும். "மறுபடியும் ஸ்வாப் காணோம்பா!" அவனும் சிரித்துச் சிரித்து வழி சொல்வான்.

இன்று அவன் தூங்கும்போது ரூத் தானே நெட்டில் படித்துப் பார்த்து ஸ்வாப் போட்டு முடித்தாள். மெஷின் கிளம்பும்போது படிக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால், மெஷினை அணைத்துப் போட்டாலும் ஸ்வாப் போகாதாம். லினக்ஸில் புலியான ஜெபக்குமாருக்கு இது தெரியாதா? ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டினாள்.

"மச்சான், செங்கல்பட்டுக்கு அம்மா வூட்டுக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன். மீன் கொழம்பு கீது, சுட வெச்சுத் துன்னு. ஸ்வாப் நானே போட்டுட்டேன். டிஸ்க்கைப் புடுங்காத."

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்.

"எஃப்எஸ்டேப்ல அந்த ஒரு வரியை துர்காவுக்கும் இன்னிக்கே போட்டுக் குடுத்துடு. அப்புறமும் காலைல போன் வந்தா, நான் எடுக்கறேன்."