பையே இல்லாதவளுக்குக் கல் எப்படி வரும்?

மதிப்பிற்குரிய டாக்டர் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் நலமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அம்மா பிழைத்துக்கொண்டாள். உன் புண்ணியத்தில் அல்ல.

பித்தப்பையை எடுத்து ஆறு மாதம் கழித்து அவளுக்கு மேல்வயிற்றில் மறுபடி வலி வந்ததே, அப்போது நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "பையே இல்ல, கல்லு எங்கேருந்துக்கா வரும்? வெறும் வாயு. சும்மா பயமுறுத்தாதே" என்றாய். பித்தம் இறங்கும் குழாயிலும் கல் தங்கும் என்பது படிக்காத எனக்குத் தெரியாது. படித்த உனக்கு?

அல்ட்ராசவுண்ட் எடுத்த டாக்டரம்மா அவளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "குழாய் கொஞ்சம் அகலமா இருக்கு. ஆபரேஷன் ஆனவங்களுக்கு அப்படி இருக்கறதுண்டு. ஆனா கீழ்ப்பகுதிய குடல்காத்து மறைக்குது. கல்லு இல்லனு என்னால சொல்ல முடியாது, எம்.ஆர். ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார். அதையே எழுதியும் கொடுத்தார். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, "எம்.ஆர். எடுக்கணுமாம்" என்று உனக்கு அனுப்பினேன். ஒரே நிமிஷத்தில் பதில்: "நார்மல். எம்.ஆர். எல்லாம் தேவையில்ல." இரண்டாம் பக்கத்தைத் திறக்கவே இல்லை என்று பிறகு நீயே உளறினாய். சினிமா டிக்கெட்டைக்கூட நீ இதைவிடக் கவனமாகப் படிப்பாய்.

அம்மா உன்னை நம்பினாள். அதன்பிறகு வலி என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் குனிந்தே கிடப்பாள். கேட்டால், "ஊசி விழுந்துடுச்சு, தேடறேன்" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை ஊசிதான் விழும்? அன்றே அதை யோசிக்காத நானும் உன் அக்காதானே.

போன செவ்வாய், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்தான், "என்னம்மா, கண்ணு இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார். மாலைக்குள் குளிர்க்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முதல் வேலையாக நீ வேண்டாமென்ற அதே ஸ்கேனைத்தான் எடுத்தார்கள். படத்தில் குழாய் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் கீழ்ப்பகுதியில் கறுப்பாக இரண்டு கற்கள். எனக்கே தெரிந்தது, தம்பி. வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு எடுத்துவிட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மயக்கம் தெளிந்ததும் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "தம்பிகிட்ட கல்லுனு சொல்லிடாதடி. அவன் பேச்சு பொய்யாயிடும், மனசு கஷ்டப்படுவான்." மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது இதற்குத்தான். டாக்டர் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற.

பூங்கொத்து, பழக்கூடை என்று எதையும் அனுப்பித் தொலைக்காதே. நேரில் வா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பா சொல்லிட்டேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொல். அவள் உன்னைத் திட்டமாட்டாள். ஆனால் நீ அதைச் சொல்லாதவரை, அடுத்த வலியையும் அவள் யாரிடமும் சொல்லமாட்டாள்.

நன்றாக இரு. சீக்கிரம் வா.

உன் அக்கா