குளவியை விரட்டியதற்கு ஒரு கப்பல் பயணம்

நேசராணி,

நீ என்னோடு பேசாமலேயே தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாய். அதனால் எழுதி வைக்கிறேன். ரொட்டி சுட்டு மூடி வைத்திருக்கிறேன். கருகிய பக்கம் கீழே இருக்கிறது, திருப்பிப் பார்க்காதே. சாவி அம்மிக்கு அடியில். சாயங்காலம் போதகரின் சம்சாரம் வருவார். நம் சண்டையை அவரிடம் சொல்லிவிடாதே, ஜெபத்தில் சேர்த்துவிடுவார்.

பதுளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊரில் தேவாலயம் கட்ட சபையார் நாலைந்து பேர் இரண்டு வாரம் உதவப்போகிறோம். எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது என்பதற்கு நம் வாசற்கதவே சாட்சி.

மறுபடியும் சொல்கிறேன். அன்றைக்கு ஆராதனையில் போதகர், "எல்லாரும் கண்ண மூடிக்குங்க. இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போக விருப்பம் உள்ளவங்க கையத் தூக்குங்க" என்றபோது, நான் காதருகே பறந்த குளவியைத்தான் விரட்டினேன். நீ பெண்கள் பக்கத்திலிருந்து, "எங்க வீட்டுக்காரரு தூக்கிட்டாருங்க ஐயா" என்று சத்தம் போட்டாய். வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னால், "கர்த்தர் கூப்பிட்டதப் போயி குளவிங்கிறீங்களே" என்று கோபித்துக்கொண்டாய். பாஸ்போர்ட் வருவதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

ஞானசீலன்

பி.கு: உன் கம்பளிச் சால்வையை எடுத்துப்போகிறேன். அங்கே வெயில் கொளுத்தும் என்று தெரியும்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: எல்லோரும் கண்ணை மூடித்தானே இருந்தோம். நான் கை தூக்கியது உனக்கு எப்படித் தெரிந்தது? ஜெப நேரத்தில் என்னையா பார்த்துக்கொண்டிருந்தாய்?