எலூசிஸுக்குத் துணை

ஐசலின் ஊர் இந்தியக் கடையில் இன்று மொச்சைப் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்தேன். உன் நினைவு வந்ததும் திரும்ப வைத்துவிட்டேன். நீ இல்லாமல் இது நான்காவது வருடம்.

பள்ளிக்கூடத்தில் முக்கோணத்தை வைத்து நம்மை வதைத்த பிதாகரஸ், தன் சீடர்கள் மொச்சை தின்னக் கூடாது என்று தடுத்தாராம். நீ சொல்லித்தான் தெரியும். கணவர்களின் விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் நாம் இருவரும் வீட்டில் கிடந்த காலம் அது. பொழுது போகவில்லை என்று நீ கவுன்டி காலேஜில் கிரேக்க தத்துவம் படிக்கச் சேர்ந்தாய். உனக்குக் கார் ஓட்ட வராது; நான்தான் டிரைவர். திரும்பி வரும் வழியில் முழுப் பாடத்தையும் என்னிடம் ஒப்பிப்பாய். "என் மொச்சைக் குழம்பைப் பார்த்தா அந்தாளு என்னை வெளிய தள்ளியிருப்பார்டீ" என்று ஒருநாள் சிரித்தாய்.

எலூசிஸ் பற்றிச் சொன்ன அன்று மட்டும் சண்டை வந்தது. அது ஏதென்ஸுக்குப் பக்கத்து ஊர். அங்கே ரகசியச் சடங்கில் தீட்சை பெற்றவர்கள் உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் அவர்களுக்குச் சாவு பயம் போய்விடுமாம்.

"எல்லாத்தையும் ஆர்க்யூ பண்ற தத்துவக்காரங்களே, ஞானம் எப்படி இருக்கும்னு சொல்ல அந்தச் சடங்கோட வார்த்தையத்தான் எடுத்துக்கறாங்க, தெரியுமா?" என்றாய்.

"இருட்டு ரூம்ல திடீர்னு லைட் போட்டா யாருக்கும்தான் சிலிர்க்கும். வாயால சொல்ல முடியலைன்னா அது அறிவே இல்ல" என்றேன். எனக்கு எதிலும் ஜெயித்தாக வேண்டும்.

நீ கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "புதுசா போறவங்களுக்குத் துணையா, ஏற்கெனவே பார்த்த ஒருத்தங்க கூட வருவாங்களாம்" என்றாய். ஹைவேயில் எங்கள் எக்ஸிட் தவறிவிடுமோ என்பதுதான் அப்போது என் கவலை.

புற்றுநோய் என்று டாக்டர் அந்த வாரமே உன்னிடம் சொல்லியிருந்தார் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அசைன்மென்டுக்காகப் பேசுகிறாய் என்று நினைத்தேன். உனக்காகக் கேட்டிருக்கிறாய். பாவி நான், உன்னிடம் வாதாடி ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதன்பின் எல்லாச் சிகிச்சைக்கும் நான்தான் காரை ஓட்டினேன். ரேடியேஷன் அறையின் கதவு வரைதான் விடுவார்கள். "ஒண்ணுமே பார்க்காத துணைதான் எனக்குக் கிடைச்சிருக்கு" என்று கிண்டல் செய்துவிட்டு உள்ளே போவாய். நான் வெளியே நின்று அழுவேன்.

கடைசி நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில், உன் கணவர் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் கை என் கையில் இருந்தது. ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அத்தனை மாதமாக உன் முகத்தில் இருந்த பயம் அப்போது இல்லை.

அவர் இன்னும் கேட்கிறார். "அன்னிக்கு அவ ஏதாவது சொன்னாளாம்மா?"

"ஒண்ணும் சொல்லலைங்க" என்கிறேன். அது உண்மைதான். பார்த்ததையாவது சொல்லலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அன்று காரில் நான் ஜெயித்த வாதம் தோற்றுப்போனது.

நீ கேட்ட துணைக்கு நான் இப்போதுதான் தகுதி பெற்றிருக்கிறேன். கூட்டிப்போக நீதான் இல்லை.